பழைய காமிரா, புதிய கண்ணாடி

செங்கம் சாலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்து டீக்கடையில், நண்பர் என் காமிராவை வாங்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். 1950களில் செய்த லைகா த்ரீ-எஃப் அது. அதில் நான் திருகியிருந்தது 1999க்குப் பிந்திய ஜப்பானிய லென்ஸ். “கோபுரத்துக்கு எனாமல் பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு சார்” என்றார். அவர் கவிஞர். ஆகவே இதை ஒரு கொள்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் வாதம் இது. 1950 ஏப்ரல் 14 அன்று ரமணர் மறைந்தார். அந்தக் கடைசி நாட்களில் இங்கே வந்து படமெடுத்தவர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். அந்தக் காலத்துக் கருவிக்கு அந்தக் காலத்துக் கண்ணாடிதான் பொருந்தும். பழைய லென்ஸில் விளக்கைச் சுற்றிப் படரும் மங்கல் வெளிச்சத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘சாந்நித்யம்’.

என்னிடம் 1930களின் எல்மார் லென்ஸ் ஒன்றும் உண்டு. நான்கு கண்ணாடிகள், அவற்றில் இரண்டு ஒட்டியவை. காற்றைத் தொடும் பரப்புகள் ஆறு. மேற்பூச்சு இல்லாததால் ஒவ்வொரு பரப்பும் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு வெளிச்சத்தைத் திருப்பிவிடுகிறது. அதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து படத்தின் கறுப்பை வெளுக்க வைக்கிறது. நண்பரின் சாந்நித்யம் இந்தக் கசிவுதான். தவிர, 1950இல் திருகு லென்ஸ் லைகா நடப்புக் கருவி. பூட்டு வகை எம் 3 வந்தது 1954இல். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் பழமையைத் தேடிக் கருவி எடுக்கவில்லை.

திருகின் விட்டம் 39 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 26 மரை. லென்ஸ் உட்காரும் விளிம்பிலிருந்து பிலிமுக்கு 28.8 மில்லிமீட்டர். 1999இல் கொசினா கம்பெனி ஃபோக்ட்லாண்டர் என்ற பெயரில் புது லென்ஸ்கள் செய்தபோது இந்த அளவையே எடுத்துக்கொண்டது. மரபு என்று நான் புரிந்துகொள்வது இப்படிப்பட்ட அளவைத்தான். இனி வரப்போகிறவனுக்கும் அதில் இடம் இருக்கிறது.

ஆனால் நண்பர் என்னை மடக்கினார். ஒரே நாளில் இரண்டு லென்ஸிலும் எடுத்த பிலிமைக் கழுவிப் பார்த்தோம். மலை இரண்டிலும் துல்லியம். ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருந்த சாமியாரின் முகம் எல்மாரில் சரியாக இருந்தது. புது லென்ஸில் கண் மங்கல். காதோரத்து நரைமயிர் கூர்மை. “பாத்தீங்களா?” என்றார்.

இந்தக் காமிராவில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனி ஜன்னலில் இரண்டு பிம்பங்கள் தெரியும். லென்ஸின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சின்ன நெம்புகோல் அவற்றை நகர்த்தும். இரண்டும் ஒன்றாகும் இடமே தூரம். யாரோ எப்போதோ என் காமிராவைத் திறந்து மூடியதில் நெம்புகோல் பிசகியிருந்தது. 3.5 திறப்புள்ள எல்மாரில் ஒரு மீட்டரில் சுமார் எட்டு சென்டிமீட்டர் ஆழம் தெளிவாக விழும். பிசகு அதற்குள் ஒளிந்துகொண்டது. 1.5 திறப்புள்ள புது லென்ஸில் அந்த ஆழம் மூன்றரை சென்டிமீட்டர்தான். காமிரா வெகுகாலமாகச் சொல்லிவந்த பொய்யைப் புதியவன் காட்டிக்கொடுத்தான், பழியும் அவன்மேலேயே விழுந்தது.

நம் விமர்சனத்தில் நடப்பதும் இதுதான். 1980களில் அமைப்பியல் வந்தபோது அந்நியக் கண்ணாடி என்று முணுமுணுத்தோம். சங்கக் கவிதையின்மேல் எந்தப் பார்வையும் குவிந்துவிடும். அது மலையின் தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் நேற்று எழுதிய கவிதையில்தான் மங்கல் வருகிறது. உடனே கோட்பாட்டைக் குறை சொல்கிறோம். நமக்கும் பிரதிக்கும் உள்ள தூரத்தை அளக்கும் நெம்புகோலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ரசனை விமர்சனத்தின் தாராளமான ஆழத்தில் அந்தப் பிசகு இத்தனை நாள் சௌகரியமாக மறைந்திருந்தது. மரை ஏறிவிட்டாலே போதும் என்று கோட்பாட்டைத் திருகுகிறவர்களும் அதைப் பார்ப்பதில்லை.

நெம்புகோலைச் சரிசெய்தாயிற்று. சாமியாரின் கண் இப்போது தெளிவாக விழுகிறது. நண்பர் மௌனமாக இருக்கிறார்.

எனக்கும் ஒரு எல்லை மிச்சமிருக்கிறது. இன்றைய லென்ஸ்களில் சில 70 சென்டிமீட்டர் வரை நெருங்கும். பழைய நெம்புகோல் ஏறக்குறைய ஒரு மீட்டரோடு நின்றுவிடும். அதற்குமேல் நெருங்க வேண்டுமென்றால் கையால்தான் அளக்க வேண்டும்.