யாருக்கு வேண்டும் தனி அளவு?

பளைச் சந்தியில் தேங்காய் மூட்டையோடு ஏ-9 வீதியைக் கடக்கும் சைக்கிள்களை உற்றுப் பார்த்தால், அவற்றில் பல கடையில் வாங்கிய உருவத்தில் இல்லை என்பது தெரியும். கரியரைத் தாங்க இரண்டு கம்பிகள் கூடுதலாக இறங்கிப் பின்னச்சில் முடியும். மேல் பாருக்கு அடியில் இன்னொரு பார் ஓடும். போர்க்கின் இரு கால்களிலும் தடித்த இரும்புப் பட்டை ஒட்டியிருக்கும். இவற்றைச் செய்து கொடுப்பவை வெல்டிங் கடைகள். அவற்றின் பெயர்ப்பலகையில் கேற், கிறில், கூரை வேலை என்றுதான் இருக்கும். சைக்கிள் பிரேம் என்று எழுதியிருக்காது. ஓட்டுகிறவரின் தேவையைக் கேட்டு இரும்பை வெட்டி ஒட்டித் தருவதுதான் கையால் பிரேம் செய்வது என்றால், அந்தத் தொழில் பளை இருக்கும் பச்சிலைப்பள்ளியில் பெயரில்லாமலே நடந்து வருகிறது. அதைப் பாராட்டி மட்டும் விட்டுவிடாமல் எடைபோட்டும் பார்க்க வேண்டும்.

வெளியுலகில் இந்தத் தொழிலுக்கு உள்ள மதிப்பே வேறு. இங்கிலாந்தின் டார்பி நகரில் 1946இல் தொடங்கிய மெர்சியன், வருபவரின் கால் நீளமும் கை நீளமும் கேட்டுப் பிரேம் செய்து பெயர் பெற்றது. பேர்மிங்காமின் ரெனால்ட்ஸ் 1935இல் அறிமுகப்படுத்திய 531 என்ற மங்கனீஸ்-மொலிப்டினம் உருக்குக் குழாயில் செய்த பிரேமைத் தேடி வாங்குகிறவர்கள் இன்றும் உண்டு. ஜப்பானில், 1948இல் கொக்குரா நகரில் தொடங்கிய கெய்ரின் சைக்கிள் பந்தயத்தின் ஆண்கள் போட்டிகளில் பெரும்பாலும் உருக்குப் பிரேம்தான் ஓடுகிறது. வீரர்கள் அதைத் தங்கள் உடலளவுக்குச் சிறு பட்டறைகளில் சொல்லிச் செய்விக்கிறார்கள். அந்தப் பட்டறை அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், பிரேமில் என்.ஜே.எஸ். என்ற தர முத்திரை இருக்க வேண்டும். இந்த முத்திரை விடயத்துக்குப் பின்னால் மீண்டும் வருகிறேன். கட்டுரையின் பாரம் அதில்தான் இருக்கிறது.

பளையில் இந்தத் தொழில் வளர்ந்தது பந்தயத்துக்காக அல்ல, பிழைப்புக்காக. 1990இல் போர் மீண்டும் மூண்ட பின் வடக்குக்கு எரிபொருளும் பற்றரியும் இரும்பும் சீமெந்தும் தடுக்கப்பட்டன. மோட்டார்சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஆனையிறவுப் பாதை மூடியிருந்ததால் குடாநாட்டுச் சனம் கிளாலிக் கரைக்கு வந்து, சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றி, கடனீரேரியைக் கடந்து வன்னிக்குப் போனது. கிளாலி பளைக்கு அருகிலுள்ள ஊர். வள்ளத்தில் ஏற்றி இறக்கிய சைக்கிளில்தான் அரிசியும் விறகும் நோயாளியும் போனார்கள். ஓர் ஆளுக்கும் சிறு பொதிக்குமாகச் செய்த றலியும் லுமாலாவும் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. உடைந்ததை ஒட்டினார்கள். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மீண்டும் உடைந்தால் அங்கே பட்டை வைத்தார்கள். இன்று நாம் பார்க்கும் இரட்டைப் பார், தாங்குகம்பி, அகலக் கரியர் எல்லாம் அந்த அனுபவத்தின் தொடர்ச்சி. 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டு சைக்கிள் விலை எகிறியபோது, மூலையில் கிடந்த பழைய பிரேம்களைத் திரும்ப ஓட வைத்ததும் இதே கைகள்தான்.

இந்தத் தொழிலின் முதற்பலம், செய்கிறவருக்கும் ஓட்டுகிறவருக்கும் இடையில் யாரும் இல்லை என்பது. கள்ளுக் கான் எங்கே தொங்கும், மீன்பெட்டி எவ்வளவு அகலம், எந்த ஒழுங்கையில் மணல் கூட என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். பிழைத்தால் அடுத்த நாள் காலை அதே சைக்கிள் அவர் வாசலில் நிற்கும். தொழிற்சாலையில் பிரேம் செய்பவருக்கு அந்தப் பாடம் இவ்வளவு விரைவாக வந்து சேராது. செலவும் குறைவு. கொழும்பிலிருந்து ஒரு பாகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

பலவீனங்கள் அதைவிட ஆழமானவை. முதலாவது சூடு. பழைய பாணிச் சைக்கிள்களில் குழாய்களை மூட்டுக்குள் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டியிருப்பார்கள். பித்தளை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸில் உருகிவிடும். உருக்கு உருக 1,400க்கு மேல் வேண்டும். அந்த மூட்டின்மேல் மின்சார வெல்டிங் பிடிக்கும்போது, உள்ளே இருக்கும் பித்தளை உருகி உருக்கின் நுண்மணிகளுக்கு இடையே இறங்குகிறது. மேலே பார்க்கத் தடித்த, உறுதியான ஒட்டு. உள்ளே நொறுங்கக் காத்திருக்கும் இரும்பு. அங்கே செய்ய வேண்டியது காஸ் சுவாலையில் பித்தளைக் கம்பி வைத்து ஒட்டும் பழைய முறை. அது தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். காஸ் சிலிண்டரை விட வெல்டிங் பிளான்ற் மலிவு.

இரண்டாவது, பட்டை வைக்கும் பழக்கம். பலவீனமான இடத்தைத் தடிப்பாக்கினால் இழுவிசை அந்தத் தடிப்பு முடியும் விளிம்புக்கு நகரும். அடுத்த வெடிப்பு அங்கேதான் தொடங்கும். முன்பக்கம் ஹெட் குழாயை ஒட்டி வெடித்தால் பாரத்தோடு போகிறவர் முகம் குப்புற விழுவார். பாரத்தைத் தாங்க எவ்வளவு இரும்பு சேர்க்கலாம் என்பதை விட, அந்த இரும்பு எங்கே எப்படி முடிய வேண்டும் என்பதுதான் பெரிய கேள்வி. அதைக் கேட்டுச் செய்யும் கடைகள் அரிது.

மூன்றாவது, மூலப்பொருள். கைக்கு எட்டும் குழாய் பெரும்பாலும் தண்ணீர்க் குழாய்க்கான ஜீ.ஐ. அதன் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வெல்டிங் பிடித்தால் எழும் வெண்புகை காய்ச்சலைக் கொடுக்கும். முகமூடி இல்லாமல் நாள் முழுக்க அதைச் சுவாசிக்கும் பெடியன்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

நாலாவது அளவு. இதைத்தான் மிகச் சுலபமாகத் திருத்தலாம். பின்சக்கரம் பூட்டும் வலப்பக்கக் காதில் ஒரு நூலைக் கட்டி, முன்னே கொண்டுபோய் ஹெட் குழாயைச் சுற்றி, திரும்ப இடப்பக்கக் காதில் இழுத்துக் கட்ட வேண்டும். நடுவே ஆசனக் குழாய்க்கும் நூலுக்கும் இடையிலுள்ள தூரத்தை இருபுறமும் அடிமட்டத்தால் அளந்தால் போதும். இரண்டும் ஒன்றாக இருந்தால் பிரேம் நேர். ஒருபுறம் நாலைந்து மில்லிமீற்றர் கூடினால் பின்சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும், செயின் தேயும், ஓட்டுகிறவரின் இடுப்பு வலிக்கும். ஒரு நூலும் அடிமட்டமும் ஐந்து நிமிடமும்தான் செலவு. ஆனாலும் கண்ணால் பார்த்து ‘சரி’ என்று சொல்லி அனுப்பும் வழக்கமே மேலோங்கியிருக்கிறது. கண்பார்வையில் நேராகத் தெரிவதை நம்பிச் செய்யும் வேலை எவ்வளவு அக்கறையோடு செய்தாலும் பாதி வேலைதான்.

இந்தக் குறைகளைச் சொன்னதும் எதிர்ப்பக்க வாதம் ஒன்று வரும்: கைவேலை எதற்கு, நல்ல சைக்கிளை மொத்தமாகச் செய்து கொடுத்தால் போதாதா? அதற்கு நல்ல சான்றும் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் உருவான வேர்ல்ட் பைசிக்கிள் ரிலீஃப் என்ற அமைப்பின் முதல் வேலையே இலங்கையில்தான் நடந்தது. 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை இங்கே வழங்கினார்கள். பிறகு ஆபிரிக்காவுக்குப் போய், சந்தையில் கிடைத்த சைக்கிள்கள் அங்கத்தைய பாரத்துக்கு உடைவதைப் பார்த்து, கரியரில் 100 கிலோ சுமக்கும் ‘பஃபலோ’ சைக்கிளைத் தாங்களே வடிவமைத்தார்கள். பாரச் சைக்கிளைப் பொறுத்தவரை இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். தேங்காய் மூட்டை எல்லோருக்கும் ஒரே பாரம்தான். ஆரம்பத்திலேயே பாரத்துக்கென்று செய்த பிரேம், பின்னால் பட்டை வைத்த பிரேமை விடப் பாதுகாப்பானது. மோட்டார்சைக்கிளும் லான்ட்மாஸ்ரர் உழவியந்திரமும் பெருகப் பெருகப் பாரச் சைக்கிளின் தேவையும் குறைந்து வருகிறது.

ஆனால் அந்த வாதம் செல்லாத ஓரிடம் பளையில் இருக்கிறது. முகமாலை, இந்திராபுரம், கிளாலி என்று இந்தப் பகுதி நெடுங்காலம் போர்முனையாக இருந்தது. முகமாலை உலகிலேயே மிகச் செறிவாகக் கண்ணிவெடி புதைத்த நிலங்களில் ஒன்று. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. கண்ணிவெடி அகற்றும் வேலை நெடுங்காலமாக நடக்கிறது. கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் இந்த ஊர்களில் நம்மோடு வாழ்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே அளவில் செய்த, கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டி.

ஒரே அளவு இங்கேதான் கொடுமையாகிறது. இரு கால்களையும் முழங்காலுக்கு மேல் இழந்தவர் கதிரையில் முன்னுக்குச் சரிவார். அவருக்குப் பின்தாங்கியின் சாய்வு வேறாக இருக்க வேண்டும். ஒரு கை பலவீனமானவரால் இரு கைக் கிராங்கைச் சுழற்ற முடியாது. பளை மணலில் ஒடுங்கிய ரயர் புதையும். பின்சக்கரங்களின் அகலம் படலையின் அகலத்தை விடக் கூடினால் வண்டி தெருவிலேயே நிற்கும், ஆள் தவழ்ந்துதான் வீட்டுக்குள் போக வேண்டும். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் 1987 முதல் செயற்கைக் கால் பொருத்தி வருகிறது. அங்கே ஒவ்வொரு காலும் அந்தந்த ஆளின் எஞ்சிய காலுக்கு அச்செடுத்துச் செய்யப்படுகிறது. ஒரே அளவில் நூறு கால் செய்து பகிர்ந்தளிக்க யாரும் நினைப்பதில்லை. வண்டிக்கு மட்டும் ஏன் அப்படி நினைக்கிறோம்?

ஐரோப்பாவில் உடலளவுக்குப் பிரேம் செய்விப்பவர்களில் பலருக்குக் கடைச் சைக்கிளே ஏறத்தாழப் பொருந்திவிடும். தனி அளவு இல்லாமல் வீட்டைவிட்டு வெளியே வரவே முடியாதவர் இங்கே இருக்கிறார். அவருக்குத் தேவையான கைத்திறன் அடுத்த சந்தியிலேயே இருக்கிறது. இல்லாதது அளவுகோலும் பரிசோதனையும் பொறுப்பேற்கும் ஒரு முத்திரையும். கெய்ரினில் சிறு பட்டறைகளை மூடிவிட்டுத் தொழிற்சாலை கட்டவில்லை. பட்டறை பட்டறையாகவே இருக்க, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தரத்தை வைத்தார்கள். அதே வழியை இங்கும் எடுக்கலாம்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அதே அறிவியல்நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. பொறியியல் பீட மாணவர்கள் இறுதியாண்டு வேலையாக, பிரேமை அளவு பிசகாமல் பிடித்து வைக்கும் தாங்கி ஒன்றைச் செய்து பளைக் கடை ஒன்றில் வைக்கட்டும். பயிற்சி நிறுவனம் பித்தளை ஒட்டு தெரிந்த மூத்த ஒருவரைக் கொண்டு இளையவர்களுக்குப் பழக்கட்டும். மூன்று சக்கர வண்டி வழங்கும் நிறுவனங்களும் புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களும் அடுத்த முறை மொத்தமாக வாங்க முன், பெறப்போகிறவரின் வீட்டுக்குப் போய் அவரது உடம்பையும் படலையையும் அளந்து, அந்த அளவை ஊர்க் கடைக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.