மேற்பார்வையும் உடனிருத்தலும்: மட்டக்களப்பின் உளவளத்துணை பற்றிய ஒரு நோக்கு

மனத்துயருற்றோருக்கு உரையாடல்வழி உதவும் தொழிலுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. சீர்மியம் என்பர் சிலர். ஆற்றுப்படுத்தல் என்பர் வேறு சிலர். இலங்கையின் அரச வழக்கில் நிலைபெற்றது உளவளத்துணை என்பதாகும். இறுதியானதே பொருட்சிறப்புடையது எனலாம். ஆற்றுப்படை நூல்களிற் பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்லுவான்; துணையாவானோ வழி சொன்னதோடு அமையாது உடன் நடப்பவன். உளவளத்துணையாளருக்கும் இத்தகைய துணை வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்ட துறை, அதற்குத் தேர்ந்த பெயரோ மேற்பார்வை. தோட்டத்துக் கங்காணியையும் பாடசாலைப் பரிசோதகரையும் நினைவூட்டும் இச்சொல் மொழிபெயர்ப்பின் வழு மட்டுமன்று. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இத்தொழில் எதிர்கொண்ட இடர்ப்பாட்டையும் அது காட்டிக்கொடுக்கின்றது.

மேற்பார்வைக் கோட்பாட்டின் தோற்றுவாய் உளப்பகுப்பாய்வு மரபாகும். மக்ஸ் ஐற்றிங்கொன் முதலியோர் 1920இல் பேர்ளினில் நிறுவிய சிகிச்சை நிலையத்தை ஒட்டியே, பயிலுநர் தாம் நடத்தும் சிகிச்சையை மூத்தார் ஒருவரிடம் எடுத்துரைக்கும் வழக்கம் முறைப்பட்டது. 1976இல் அல்பிரட் கடூஷின் சமூகப்பணி மேற்பார்வையை நிருவாகம், கல்வி, ஆதரவு என வகுத்தார். 1980களிற் பிரிஜிட் புரொக்டர் ஏறத்தாழ அதே மூன்றையும் ஒழுங்குபேணல், உருவாக்கல், மீட்டெடுத்தல் என்றார். இவை கற்பித்தற்கு வசதியான வகுப்புகள்; அதற்கு மேற் சொல்வதற்கில்லை. இவற்றினும் ஆழமுடையது ஹரோல்ட் சேர்ல்ஸ் 1955இல் முன்வைத்த கருத்தாகும். துணை நாடி வந்தவருக்கும் துணையாளருக்கும் இடையே நிகழ்வது, துணையாளருக்கும் மேற்பார்வையாளருக்கும் இடையிலும் அவர்கள் அறியாமலே மீள நிகழும் என்றார் அவர். வந்தவர் எதைச் சொல்லாது விட்டாரோ, அவ்விடத்திலேயே துணையாளரின் எடுத்துரைப்பும் தடுமாறும். அத்தடுமாற்றத்தை வாசிக்கவேண்டுமாயின் மேற்பார்வையாளராவது அத்துயருக்கு வெளியே நிற்றல் வேண்டும்.

மட்டக்களப்பில் இந்நிபந்தனை எளிதில் நிறைவேறுவதன்று. 1990 ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் சத்துருக்கொண்டானிலும் நிகழ்ந்த படுகொலைகள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்தோர் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போனமை, 2004 டிசம்பர் 26இல் நாவலடியையும் கல்லடியையும் அழித்த ஆழிப்பேரலை ஆகியன உளவளத்துணையாளரின் வீட்டை விலக்கிச் சென்றவையல்ல. கணவனைத் தேடும் பெண் தன் கதையைச் சொல்லும்போது, கேட்பவருக்கும் தேடவேண்டிய ஒரு சகோதரன் இருத்தல் கூடும். அவரை மேற்பார்வை செய்பவருக்கும் அவ்வாறே. மூவரும் ஓரிடத்தில் மௌனமாயின் அம்மௌனம் யாருடையது? சேர்ல்ஸ் இதற்கு விடை தரவில்லை. எனினும் இவ்வினாவைக் கேட்பதற்கு வேண்டிய கருவியைத் தந்தவர் அவரே.

இரகசியம் பேணலும் இங்கு வேறு வடிவம் கொள்கின்றது. பெயரை மறைத்தாற் போதும் எனக் கருதுவது நகர வாழ்வுக்குப் பொருந்தலாம். தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய இப்பிரதேசத்தில் ஊரையும் குடியையும் சொன்னால் ஆள் தெரிந்துவிடும். குழுவாகக் கூடும் மேற்பார்வையிற் சொல்லப்படும் ஓரிரு விபரங்களே போதும். படுவான்கரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்து, 2007இல் முடிவுற்ற காலத்திலோ, வாவி கடந்து கொண்டுவரப்படும் ஒரு குறிப்புத்தாள் உயிருக்கே ஊறு விளைக்கக் கூடியதாயிருந்தது. பதிவு செய்யாமை அத்தகைய சூழலிற் கடமை தவறுதல் அன்று. கடமையின் ஒரு பகுதியே. படிவங்களைக் கொண்டு பணியை அளப்பவருக்கு இது புலப்படாது.

புறத்தேயிருந்து வந்தவற்றுள் வேறுபட்ட முயற்சியும் உண்டு. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் 1996இல் மட்டக்களப்பிலே தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தமிழ், முஸ்லிம் சிறுவரோடு களிமண்ணிலும் வண்ணத்திலும் கதையிலும் ஈடுபட்டோர் போரிடையே வளர்ந்த உள்ளூர் இளைஞர்கள். ஆற்றுவோரும் ஆற்றப்படவேண்டியவரே என்பது அங்கே கண்முன் நின்றது.

இவ்வுண்மை இம்மண்ணுக்குப் புதியதன்று. மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், போர்க்கால மட்டக்களப்பின் அம்மன் கோயில்களில் வாக்குச் சொல்வோர் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு ஆற்றிய பணியை விரிவாக ஆராய்ந்துள்ளார். பிறர் துயர் அவர்தம் உடலினூடாகவே பேசியது. சடங்கிலே தெய்வமாடுபவர் தனித்து விடப்படுவதில்லை என்பது மனங்கொளத்தக்கது. கட்டாடியார் அருகில் நிற்பார்; ஆட்டத்தின் எல்லையை அறிவார்; ஆடியவர் தன்னிலைக்கு மீளும்வரை அகலார். புரொக்டர் மீட்டெடுத்தல் என்று பெயரிட்டது இதனையே. ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்தல் தகாது. சொன்ன வாக்குச் சரியோ பிழையோ என ஆடியவரோடு மறுநாள் அமர்ந்து ஆராயும் வழக்கம் சடங்கின் இயல்பன்று. உளவளத்துணையாளருக்கோ அவ்வாராய்வு இன்றியமையாதது.

பிரதேச செயலகத்திற் கடமையாற்றும் உளவளத்துணை உத்தியோகத்தர் நிருவாக வழியிற் செயலகத்துக்குப் பொறுப்புக் கூறுபவர். எத்தனை பேரைக் கண்டார் எனக் கேட்கும் உரிமை அலுவலகத்துக்கு உண்டு. ஆனால், எந்தக் கதையைக் கேட்ட இரவில் அவர் உறங்கவில்லை என்பதைக் கேட்கவேண்டியவரும் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பாராயின், பதவியுயர்வை நினைக்கும் எவரும் உண்மை சொல்லார். இவ்விரு பணிகளையும் இரு வேறு ஆட்களிடம் ஒப்படைத்தல் பெருஞ்செலவை வேண்டாத சீர்திருத்தமாகும்.

அவ்விரண்டாமவர் எங்கிருந்து வருதல் வேண்டும் என்பதே கடினமான வினா. உள்ளூரவர் எனின் கதைக்குரியவரை அடையாளங் கண்டுகொள்வார். கொழும்பிலிருந்து வருபவர் எனின் அந்த அச்சம் இல்லை. ஆனால், படுவான்கரைத் தாய் ஒருத்தி, பிறகு என்னும் பொருளில் 'மறுகா' எனத் தொடங்கி அச்சொல்லோடே நிறுத்திக்கொள்ளும்போது, அகராதியைக் கொண்டு அவர் அறியக்கூடியது அச்சொல்லின் பொருளை மட்டுமே.