பழைய தொலைக்காட்சித் தொடர்களும் நினைதல் என்னும் மெய்ப்பாடும்

நாற்பது அகவையைக் கடந்த தமிழர் இருவர் இன்று ஓரிடத்துக் கூடிச் சிறிது நேரம் அளவளாவுவராயின், அவர்தம் பேச்சுப் பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சாராது முடிதல் அரிது. வெள்ளிக்கிழமை மாலையில் ‘ஒளியும் ஒலியும்’ கண்டதையும், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ‘இராமாயணம்’ கண்டதையும், ‘மர்ம தேசம்’ கண்டு அஞ்சியதையும் அவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்வர். மகிழ்ந்தபின் ஒருவாறு வருந்தவும் செய்வர். ‘அவை போல்வன இனி வாரா’ என்பதே அவ்வுரையாடலின் முடிபாக அமைகின்றது. இம்முடிபு ஒரு திறனாய்வுத் தீர்ப்பா, அன்றி இளமை கழிந்தமைக்கு இரங்கும் இரக்கமா என்பது ஆராயத்தக்கது. தீர்ப்பாயின் அதற்குக் காரணம் காட்டல் வேண்டும். இரக்கமாயின் அதனைத் தீர்ப்பென்று கொள்ளுதல் பிழையாகும். இவ்வேறுபாட்டைத் தெளிவித்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் வரலாற்றினைச் சுருங்கக் காண்போம். இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1976-இல் தொலைக்காட்சி வானொலியினின்றும் பிரிந்து ‘தூர்தர்ஷன்’ என்னும் தனியமைப்பு ஆயிற்று. 1982-இல் நாடு தழுவிய ஒளிபரப்பும், அதனோடு வண்ண ஒளிபரப்பும் வந்தன. 1993 ஏப்ரல் 14-ஆம் நாள் சன் தொலைக்காட்சி தோன்றும் வரையில், தமிழ்நாட்டுச் சிற்றூர்களிற் பெரும்பாலானவற்றிற்குக் கிடைத்தது தூர்தர்ஷன் ஒன்றே. கடலோர ஊர்கள் சிலவற்றில் மட்டும், உயர்ந்த ஆன்டெனா நாட்டினார்க்கு, இலங்கையில் 1982-இல் தோன்றிய ‘ரூபவாஹினி’யும் கிட்டியது.

இவ்வரலாற்றால் விளங்குவது யாது? இன்று நாம் ஏக்கத்தோடு நினைக்கும் நிகழ்ச்சிகளிற் பல, தெரிந்தெடுத்துக் கண்டவை அல்ல. வேறு இன்மையாற் கண்டவை. ‘வயலும் வாழ்வும்’ உழவர்க்கென அமைந்தது. எனினும் ஏர் பிடித்தறியாத நகரத்துச் சிறுவரும் அதன் தலைப்பை இன்றும் அன்போடு கூறுகின்றனர். நெல்லுக்கு இடும் உரத்தின் அளவு அவர்க்கு நினைவில்லை. அந்நிகழ்ச்சி முடிந்தபின் வேறொன்று வரும் என்று காத்திருந்த காத்திருப்பே நினைவில் உள்ளது. ஆகவே பழைய நிகழ்ச்சி பற்றிய நினைவில் மூன்று பொருள்கள் கலந்து கிடக்கின்றன எனலாம். ஒன்று, படைப்பு, மற்றொன்று, அது காணப்பட்ட காலமும் சூழலும், பிறிதொன்று, அதனைக் கண்டோர்தம் அகவையும் மனநிலையும். இம்மூன்றனையும் பிரித்தறியாது ‘நல்ல தொடர்’ என்று கூறுங்கால், எதனை நல்லது என்கின்றோம் என்பது நமக்கே விளங்குவதில்லை.

இஃது எம் பட்டறிவிலேயே தெளிவான ஒன்று. ஆர். கே. நாராயணின் கதைகளைத் தழுவிச் சங்கர் நாக் இயக்கிய ‘மால்குடி நாட்கள்’ என்னும் தொடர் 1980-களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. அப்போது யாம் ஏழெட்டு அகவையினராய் இருந்தோம். எம் தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடு ஒன்றே. இருபுறமும் இழுத்து மூடும் மரக்கதவு கொண்ட கறுப்பு வெள்ளைப் பெட்டி அது. அவ்வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலுமாக இருபதின்மர் அமர்ந்து அத்தொடரைக் கண்டோம். சுவாமி என்னும் சிறுவன் பள்ளிக்குச் செல்ல அஞ்சுவதும், தந்தை கடிந்து கூறுவதும், அவன் தன் பாட்டியிடம் சென்று ஒதுங்குவதும் எம் நெஞ்சில் ஆழப் பதிந்தன. அத்தந்தை கூறிய கடுஞ்சொற்கள் தமிழில் எம் செவியில் ஒலித்தவாறே இருந்தன. மழையால் தழைத்த அவ்வூரின் பசுமையும் கண்ணில் நின்றது.

அண்மையில் அத்தொடரை மீளக் காணும் வாய்ப்பு நேர்ந்தது. கண்டபோது இரு செய்திகள் எம்மைத் திகைக்கச் செய்தன. தொடர் இந்தி மொழியில் இருந்தது. சுவாமியின் தந்தையாக நடித்த கிரீஷ் கர்னாட் கூறிய சொற்களில் ஒன்றேனும் தமிழ் அன்று. அந்நாளில் எமக்கோ இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. இரண்டாவதாக, கறுப்பு வெள்ளைப் பெட்டியில் யாம் பசுமையைக் கண்டிருத்தல் இயலாது. கருநாடகத்தின் ஆகும்பேயில் படமாக்கப்பட்ட அக்காட்சிகளின் நிறத்தை யாம் முதன்முறை கண்டது இப்பொழுதுதான். அவ்வாறாயின் எம் நினைவில் இருந்த தமிழும் பசுமையும் எங்கிருந்து வந்தன?

பசுமை எம் ஊரினின்று வந்தது எனக் கொள்ளலாம். தமிழ் வந்த வழியை எண்ணி எண்ணிப் பார்த்துத் தெளிந்தோம். அவ்வீட்டுப் பெரியவர் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், இந்தி அறிந்தவர். தெருவிலுள்ளார் அனைவரும் அவரை ‘மிலிட்டரி தாத்தா’ என்றே அழைப்பர். பெட்டியின் அருகே நாற்காலியிட்டு அமர்ந்து, ஒவ்வோர் உரையாடலும் முடியுமுன்னரே அதனைத் தமிழிற் சொல்லிவிடுவார். எம் நினைவிற் சுவாமியின் தந்தை பேசிய தமிழ் அம்முதியவரின் தமிழே. கர்னாடின் முகமும் அண்டை வீட்டு முதியவரின் குரலும் எம் நெஞ்சில் ஓர் ஆளாய் ஒன்றியிருந்தன. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக யாம் ‘மால்குடி நாட்கள்’ என்று போற்றி வந்தது, திரையில் ஓடியதும் அவர் உரைத்ததும் கலந்த வேறொரு படைப்பு ஆகும்.

இதனைக் கொண்டு, ஏக்கம் முழுவதும் பொய் என்று சிலர் கூறக்கூடும். அஃது எமக்கு உடன்பாடன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை முதலாய எட்டனையும் அவற்றின் நிலைக்களன்களையும் வகுத்தபின், வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளைத் தொகுத்துரைக்கின்றார். அவற்றுள் ‘நினைதல்’ என்பதும் ஒன்றாகும். நினைதலை அவர் குறையென ஒதுக்கவில்லை. மாந்தர் உள்ளத்து நிகழ்ந்து புறத்தே புலப்படும் உணர்வுகளுள் ஒன்றாக வைத்தெண்ணினார். மெய்ப்பாட்டினை விளக்கப் புகுந்த உரையாசிரியர்கள் சுவைக்கப்படும் பொருளை வேறாகவும், அதனைச் சுவைத்தவனிடத்து எழும் உணர்வினை வேறாகவும் பகுத்துக் காட்டினர். அப்பகுப்பே ஈண்டு நமக்கு வேண்டுவது. உணர்வு மெய்யானது, ஆயினும் அவ்வுணர்வின் அளவைக் கொண்டு பொருளின் தகுதியை அளத்தல் ஆகாது.

புறநானூற்றின் 243-ஆம் பாட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் புலவர், கோல் ஊன்றித் தளர்ந்த முதுமையில், தம் இளமைக் காலத்து நீர்விளையாட்டை நினைந்து இரங்குகின்றார். மரக்கிளையேறி ஆழ்நீரிற் குதித்து அடிமணலைக் கொணர்ந்த செய்தியை அவர் விரித்துக் கூறுகின்றார். ஆயினும் ‘அக்காலத்து நீர்த்துறை இக்காலத்து நீர்த்துறையினும் சிறந்தது’ என்று அவர் யாண்டும் கூறினார் அல்லர். துறை மாறவில்லை, மாறியவர் தாமே என்பதை அவர் நன்கறிவார். அப்பாட்டு, கையறுநிலை என்னும் துறையின்பாற் படுத்தப்பெற்றதும் இது பற்றியே போலும். இழந்தது இன்னதென்று அறிந்து இரங்குதலால் அவ்விரக்கம் பொய்ம்மை கலவாது நிற்கின்றது. நம் காலத்துத் தொலைக்காட்சி ஏக்கத்திற் காணப்படாதது இத்தெளிவே ஆகும்.

நினைவும் படைப்பும் நேருக்கு நேர் எதிர்ப்படும் வாய்ப்பு 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நாடளாவ நேர்ந்தது. 1987 ஜனவரி முதல் 1988 ஜூலை வரை ஒளிபரப்பான இராமானந்த சாகரின் ‘இராமாயணம்’, 2020 மார்ச்சு 28-ஆம் நாள் முதல் மீண்டும் ஒளிபரப்பாயிற்று. 2002 முதல் 2005 வரை வந்த திருமுருகனின் ‘மெட்டி ஒலி’யும் அவ்வூரடங்கின்போது மீண்டும் வந்தது. மறு ஒளிபரப்பு ஒரு நல்ல உரைகல். படைப்பு மீண்டும் வரும். பழைய சூழல் வாராது. எனவே, சூழல் நீங்கியபின் எது எஞ்சுகின்றதோ அதுவே படைப்பின் தகுதி என்க.

அவ்வுரைகல்லில் யாம் உரைத்துக் கண்டதைக் கூறுவோம். ‘இராமாயண’த்தின் அம்புகள் வானிற் பறந்து எதிர்ப்பட்டு மோதும் காட்சிகள் இளமையில் எமக்குப் பெருவியப்பாய் இருந்தன, இப்போது அவை வியப்பளிக்கவில்லை. அவ்வியப்பு அகவையின்பாற்பட்டது. ‘மெட்டி ஒலி’யோ வேறு வகையிற் பயன் தந்தது. ஐந்து பெண்மக்களை மணமுடித்துக் கொடுத்த ஒரு தந்தையின் துயரை அத்தொடர் கூறுகின்றது. முதன்முறை காணுங்கால் யாம் மணமாகா இளைஞர். அத்தந்தையின் பொறுமை எமக்குச் சலிப்பையே தந்தது. இம்முறை, சம்பந்தியார் வீட்டுக்கு அவர் செல்லும் காட்சிகளில் அவர்தம் நடையும் தயக்கமுமே எம்மை ஈர்த்தன. அன்று பாராட்டாததை இன்று பாராட்டுகின்றோம். இது ஏக்கத்தால் வந்த பாராட்டன்று. மீண்டும் காணுந்தொறும் புதிது காட்டுதல் நல்ல படைப்பின் இயல்பு. நூல் நயம் பற்றித் திருவள்ளுவர் உணர்த்திய நெறி திரைக்கும் பொருந்துவதே.

காலத்தின் கூறும் முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் நாகா இயக்கிய ‘மர்ம தேசம்’ 1990-களில் வாரம் ஒருமுறை வந்தது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடைப்பட்ட நாள்களில் காண்போர் தம்முள் வினவியும் ஊகித்தும் கதையை வளர்த்தனர். இன்று அதனை ஒரே இருக்கையில் தொடர்ந்து காண்பார்க்கு அவ்விடைவெளி இல்லை. அத்தொடரின் அச்சம் அவ்விடைவெளியை நம்பிக் கட்டப்பட்டது. ஆகவே, காத்திருத்தல் அத்தகைய தொடருக்கு வெறுஞ்சூழல் அன்று, உறுப்பே எனல் வேண்டும். எக்கூறு சூழல், எக்கூறு உறுப்பு எனத் தொடர்தோறும் ஆராய்ந்து காண்பதே திறனாய்வாளர் கடன். ‘பழையன யாவும் நல்லன’ என்பாரும், ‘ஏக்கம் யாவும் மயக்கம்’ என்பாரும் அக்கடனைத் தட்டிக் கழிப்பவரே.

இனி, இவ்வாய்வு காலம் தாழ்க்கத்தக்கதன்று என்பதற்கு ஒரு காரணம் உண்டு. தொலைக்காட்சியின் தொடக்கக் காலத்தில் ஒளிநாடாக்கள் விலைமிக்கனவாய் இருந்தமையின், பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் உட்பட உலகின் நிலையங்கள் பல, பதிந்ததை அழித்து அதன்மேலேயே மீண்டும் பதிந்தன. நேரடியாக ஒளிபரப்பானவற்றுட் பல பதிவே பெறவில்லை. பெயர்களும் மாறுகின்றன. சென்னைத் தொலைக்காட்சி ‘பொதிகை’ எனப் பெயர் பெற்றது. 2024 ஜனவரியில் அப்பெயரும் நீங்கி ‘டிடி தமிழ்’ ஆயிற்று. நேயர் மடல்களைப் படித்து நிலையத்தார் மறுமொழி கூறிய ‘எதிரொலி’ என்னும் நிகழ்ச்சி, தமிழிற் காண்போர் செய்த திறனாய்வுக்கு ஒரு சான்று ஆகும். அதற்கு வந்த மடல்கள் அனைத்தும் தொகுக்கப்பட்டிருப்பின், இன்று எத்துணை பெரிய கருவூலமாய் அமைந்திருக்கும்!

தமிழர்க்கு இந்நிலை புதிதன்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிட்டவில்லை. எனினும் உரையாசிரியர் எடுத்தாண்ட மேற்கோள்களாலும் புறத்திரட்டு முதலிய தொகைநூல்களாலும் அவற்றின் சில பாடல்களேனும் நமக்குக் கிடைத்துள்ளன. பழைய நிகழ்ச்சிகளைக் குறித்து முதியோர் கூறும் நினைவுகளும் அத்தகைய மேற்கோள்களே. மேற்கோளில் திரிபு இருத்தல் கூடும். பாடவேறுபாடு இருத்தல் கூடும். அதுபற்றி எப்பதிப்பாசிரியரும் மேற்கோளைத் தள்ளிவிடுவதில்லை, ஒப்பிட்டுத் தெளிகின்றார். அதுபோல, இன்னார் இன்ன நிகழ்ச்சியை, இன்ன ஊரில், யாருடன் இருந்து, எம்மொழியிற் புரிந்துகொண்டு கண்டார் என்பதைக் கேட்டெழுதுதல் வேண்டும். பதிவு கிடைக்குமிடத்து அதனோடு ஒப்பிடுதல் வேண்டும். தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்து முதியோரிடமிருந்தே இப்பணியைத் தொடங்கலாம். 1975-இல் முதல் ஒளிபரப்பைக் கண்ட இளைஞர் இன்று எழுபதைக் கடந்தவர்.

எம் அண்டை வீட்டு முதியவர் மறைந்து பல ஆண்டுகள் ஆயின. ‘மால்குடி நாட்கள்’ இன்றும் உள்ளது, வேண்டும்பொழுது காணலாம். இருபதின்மர் கேட்க அவர் அதற்கு உரைத்த தமிழ் யாண்டும் பதியப்படவில்லை. அதன் சில தொடர்கள் எம் நினைவில் எஞ்சியுள்ளன. அவையும் அவர் சொல்லியவாறே உள்ளனவா என்று ஒப்பிட்டறிய வழியில்லை. அவர் இருந்த காலத்தில் யாம் சென்று வினவியிருத்தல் வேண்டும். அது செய்யாதொழிந்தோம். ஏனையோரேனும் செய்க என்பதே எம் வேண்டுகோள்.