ஸ்கிராபிள் பலகையில் விழுந்த பெண்

கொலைக்கதை என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ராஜேஷ்குமார், மீதிப் பேருக்கு சுஜாதா. இரண்டு பேருமே பெரியவர்கள் துப்பறியும் கதையைத்தான் எழுதினார்கள். பதினாறு வயதுப் பிள்ளை செத்துப்போய், இன்னொரு பதினாறு வயதுப் பிள்ளை அதற்குக் காரணம் தேடுகிற நாவலைத் தமிழில் நான் படித்ததில்லை. அப்படி ஒன்று நம் நாட்டிலேயே வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். ஹன்னா அல்காஃப் எழுதி 2022இல் வெளியான ‘குவீன் ஆஃப் தி டைல்ஸ்’. மே 13 கலவரத்தை வைத்து ‘தி வெய்ட் ஆஃப் அவர் ஸ்கை’ எழுதினாரே, அவரேதான்.

கதை இதுதான். பள்ளி மாணவர்களுக்கான ஸ்கிராபிள் போட்டியில், ஆட்டத்தின் நடுவிலேயே டிரினா லோ என்கிற பெண் பலகை மேல் சரிந்து இறந்துபோகிறாள். அழகி, சாம்பியன், எல்லோருக்கும் பிடித்தவள், எல்லோருக்கும் கொஞ்சம் பிடிக்காதவளும்கூட. ஒரு வருடம் கழித்து அதே போட்டிக்கு அவளுடைய உயிர்த்தோழி நஜ்வா பக்ரி திரும்பி வருகிறாள். அந்த நேரம் பார்த்து, செத்தவளின் இன்ஸ்டாகிராம் கணக்கில் புதிய பதிவுகள் வர ஆரம்பிக்கின்றன. அது கொலையாக இருக்குமோ? முடிவை நான் சொல்லப் போவதில்லை, பயப்படாதீர்கள்.

இந்த வகைக்கு மூடிய களம்தான் உயிர். அகதா கிறிஸ்டி 1934இல் ஒரு ரயிலைப் பனியில் நிறுத்தினார். 1939இல் பத்துப் பேரைத் தீவில் கொண்டுபோய் விட்டார். என் படிப்பில் இதற்கு ‘கண்ட்ரோல் வால்யூம்’ என்று பெயர். ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் கணக்குக் காட்டவேண்டும். கணக்கு இடித்தால் கோட்டைத் தப்பாகப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஹன்னா போடும் கோடு ஒரு ஹோட்டல். ஆனால் அதில் பெரிய ஓட்டை இருக்கிறது, கைப்பேசி. இன்ஸ்டாகிராம் பதிவை எந்த ஊரில் உட்கார்ந்தும் போடலாம். அப்புறம் எங்கே மூடிய களம்? இதைக் குறையாகச் சொல்லலாம்தான். எனக்கு அப்படிப் படவில்லை. நஜ்வாவை அடைத்து வைத்திருப்பது ஹோட்டல் சுவர் இல்லை, துக்கம். தோழி செத்த நாளை அவளால் முழுசாக ஞாபகப்படுத்த முடியவில்லை. துப்பறிகிறவளுக்கே சாட்சியம் கலங்கிக் கிடக்கிறது. கிறிஸ்டியின் புவாரோவுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது.

ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு சொல், அதன் புள்ளி, அதன் பொருள் என்று தொடங்குகிறது. முதலில் ‘அட, சாமர்த்தியம்’ என்று தோன்றியது. போகப் போகத்தான் புரிந்தது. ஸ்கிராபிளில் பொருள் தேவையே இல்லை. மலேசியாவில் வாழும் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியை வென்றார். சொல் என்றால் எழுத்தும் புள்ளியும், அவ்வளவுதான். நஜ்வா அப்படி ஆடுகிறவள் இல்லை, பொருளைப் பிடித்துத் தொங்குகிறாள். தலைக்குள் நிலம் நழுவும்போது அகராதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற பெண். நாவலின் அசல் பகுதி இதுதான். கொலை விசாரணை சுமார்தான். சந்தேகத்துக்குரியவர்கள் ரொம்பப் பேர், சிலர் தங்கள் காரணத்தைச் சொல்வதற்காகவே வந்து போகிறார்கள்.

படித்து முடித்ததும் எனக்கு வந்த கேள்வி வேறு. மூடிய களத்துக்கு நாம் ஏன் ஹோட்டலையும் தீவையும் தேட வேண்டும்? எங்கள் கோலசிலாங்கூர் பக்கம் வந்து பாருங்கள். பத்தாங் பெர்ஜுந்தாய், இப்போது பெஸ்தாரி ஜெயா. பக்கத்தில் தென்னமரம் தோட்டம். 1917இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு அங்கேதான். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே. அந்தத் துரை பிறகு மலாயாவைப் பற்றி ‘மலேஸி’ என்று ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசே வாங்கிவிட்டார். துரைக்கு நம் செம்மண் ரோட்டில் நாவல் தெரிந்திருக்கிறது!

தோட்டம் என்றால் ஒரே வழி, ஒரே கேட், கேட்டில் ஜாகா. உள்ளே லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை, பெரட்டுக்களம், மேட்டில் துரை பங்களா. காலையில் யார் பெரட்டுக்கு வரவில்லை என்பது கிராணியின் செக்ரோலில் இருக்கும். இதைவிடக் கச்சிதமான களம் கிறிஸ்டிக்கே கிடைத்திருக்காது. ஆனாலும் அங்கே துப்பறியும் கதை எழும்பவில்லை. எங்கள் பாட்டி சொல்லும் பழைய கதைகளில் சாவுக்குப் பஞ்சமே இல்லை. “மருந்து குடிச்சிட்டா”, “கெணத்துல விழுந்துட்டான்” என்று ஒரு வரியில் முடியும். “ஏன் பாட்டி?” என்றால், “எல்லாருக்குந்தான் தெரியுமே” என்பார். யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடிப்பது கிறிஸ்டியின் ஆட்டம். எல்லோருக்கும் தெரிந்ததை யார் வாய்திறந்து சொல்வது என்பதுதான் லயத்தின் ஆட்டம். சொன்னால் வீடு போகும், வேலை போகும், மறுநாள் அதே தண்ணிப்பைப்பில் அதே முகங்கள். அங்கே துப்பறிகிற பெண்ணுக்கு மூளையைவிட அதிகமாக, போய்த் தங்க வேறு ஒரு வீடு வேண்டும். நஜ்வாவுக்கு அந்தக் கவலை இல்லை, போட்டி முடிந்தால் அவள் வீட்டுக்குப் போய்விடலாம்.

நம் தோட்ட நாவல்கள் இந்தச் சாவுகளைத் தொட்டதில்லை என்று சொல்லமாட்டேன். தொட்டிருக்கின்றன, நன்றாகவே. ஆனால் அவற்றில் சாவு வரலாற்றுத் துயரமாக வருகிறது. கங்காணி காரணம், கள் காரணம், காலனி காரணம். எல்லாம் உண்மை. அந்த உண்மைக்குள்ளே, குறிப்பிட்ட ஒரு ராத்திரி குறிப்பிட்ட ஓர் ஆள் குறிப்பிட்ட ஒரு பெண்ணுக்கு என்ன செய்தான் என்கிற கேள்வி காணாமல் போய்விடுகிறது. கொலைக்கதை என்கிற மட்டமான வடிவம் அந்தக் கேள்வியை விடாது. யார், எத்தனை மணிக்கு, எந்தக் கதவு வழியாக?

நேரமும் போய்க்கொண்டிருக்கிறது. வேலை விஷயமாகச் செம்பனை ஆலைகளுக்குப் போகும்போது பார்க்கிறேன். லயங்களில் இப்போது இருப்பவர்கள் வங்காளதேசத்துக்காரர்களும் இந்தோனேசியர்களும். நம்மவர்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்தாயிற்று. களம் இன்னும் மூடித்தான் இருக்கிறது, உள்ளே ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள். புக்கிட் ரோத்தானிலோ ஈஜோக்கிலோ பஸ் ஏறிப் பள்ளிக்குப் போகும் படிவம் நான்கு மாணவி ஒருத்தி, அந்த லயத்தில் நடந்த ஒரு சாவைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால் எந்த மொழியில் கேட்பாள்? இந்த நாவலை எழுத ஆளிருந்தால் சொல்லுங்கள், ஆலை எப்படி ஓடுகிறது என்கிற விவரமெல்லாம் நான் தருகிறேன்.