செஞ்சா என்ன தருவீங்க?

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வருகிற வாரத்தில் ஏதாவதொரு செல்போன் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும்: "நானூத்தம்பதைத் தாண்டினா போன்னு சொல்லிட்டேங்க, பதினஞ்சாயிரத்துக்குள்ள நல்லதா ஒண்ணு காட்டுங்க." பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டு பதினைந்தைப் பதினெட்டாக்கப் பார்ப்பான். இந்தப் பேரம் பத்தாம் வகுப்பில் ஆரம்பித்ததல்ல. ஒன்றரை வயதில் 'ஆ காட்டு, பாட்டு போடுறேன்', மூன்று வயதில் 'அழாம ஊசி போட்டுக்கிட்டா பலூன்', ஏழு வயதில் 'ஹோம்வொர்க் முடிச்சா கிண்டர் ஜாய்' என்று வளர்ந்து வந்தது. இப்போது நகரத்து வீடுகளில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய ஸ்டார் சார்ட்டும் சேர்ந்துகொண்டது. பல் துலக்கினால் ஒரு ஸ்டார், தட்டைக் கழுவினால் ஒரு ஸ்டார், இருபது சேர்ந்தால் பீட்சா.

இதன் கெடுதலைச் சொல்லுமுன், இது எதன் இடத்துக்கு வந்தது என்று நினைத்துப் பார்ப்பதுதான் நியாயம். முப்பது நாற்பது வருடங்களுக்கு முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போதே அப்பா வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வருவார்: "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடத்தையெல்லாம் உரிச்சிடுங்க சார்." 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்தது. வீட்டுக்குள் சட்டம் அந்த அளவுக்கு நுழையவில்லை. ஆனாலும் பிள்ளையை அடிப்பதில் ஒரு கூச்சம் வந்திருக்கிறது. பிரம்படி வாங்கி வளர்ந்த பலர், நம் பிள்ளை மேல் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அடிக்காமல் ஒரு பிள்ளையைக் காலையில் எப்படிக் கிளப்புவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கைக்கு எட்டியது சாக்லேட். பிரம்பைவிடச் சாக்லேட் ஆயிரம் மடங்கு மேல் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

பரிசு வேலையும் செய்கிறது. ஒரு செயலைத் தொடர்ந்து நல்லது கிடைத்தால் அந்தச் செயல் மீண்டும் வரும் என்று உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் எலியையும் புறாவையும் வைத்துக் காட்டியது, பல் துலக்க மறுக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கும் பொருந்துகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் கஸ்டின், எதற்கெடுத்தாலும் எதிர்த்து நிற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பல ஆண்டுகள் கொடுத்துவந்த பயிற்சியில் பாயிண்ட் சார்ட்டுக்கு இடமுண்டு. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடும் மிகைத்துடிப்பும் உள்ள பிள்ளைகளுக்கும் இந்த வழி கைகொடுக்கிறது. ஆனால் அங்கே அதற்கு ஒரு கண்டிப்பு இருக்கிறது. எந்தச் செயல் என்பது துல்லியமாக இருக்க வேண்டும். பரிசு சின்னதாக இருக்க வேண்டும், உடனே கிடைக்க வேண்டும், பாராட்டும் கூடவே வர வேண்டும். செயல் பழக்கமானதும் சார்ட்டைக் கழற்றிவிட வேண்டும். கட்டடம் எழும்பும்வரை கட்டி வைத்துப் பிறகு பிரித்துவிடும் சாரம் அது.

நம் வீடுகளில் இந்த விதிகளில் ஒன்றுகூட நிற்பதில்லை. "ஒழுங்கா இருந்தா ஊருக்குப் போகும்போது வாங்கித் தர்றேன்" என்கிறோம். ஒழுங்கு என்றால் என்ன என்று பிள்ளைக்குத் தெரியாது, பெரும்பாலும் நமக்கும் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வெகு தூரம். நாம் முழுப்பரீட்சை முடிந்து சைக்கிள் என்கிறோம். கடை நடுவில் விழுந்து புரளும் பிள்ளையிடம் "அழுகையை நிறுத்து, வாங்கித் தர்றேன்" என்று சொல்லும்போது பரிசு கிடைப்பது அழுகைக்கு. அடுத்த கடையில் அது இன்னும் சத்தமாக வரும்.

மார்க்குக்குப் பரிசு என்பதுதான் இதில் மிகவும் பரவலானது, மிகவும் பலவீனமானதும்கூட. ரோலண்ட் ஃப்ரையர் என்ற பொருளியல் அறிஞர் அமெரிக்காவின் மூன்று நகரங்களில், இருநூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளில், மாணவர்களுக்குக் காசு கொடுத்தே சோதித்துப் பார்த்து 2011இல் முடிவை வெளியிட்டார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குக் காசு, சிகாகோவில் வகுப்பில் வாங்கும் கிரேடுக்குக் காசு. இரண்டு இடத்திலும் சொல்லும்படி எதுவும் அசையவில்லை. கொஞ்சமாவது அசைந்தது டல்லஸில், அதுவும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் மட்டும். அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புத்தகத்தைப் படித்து, அதைப் பற்றிய சின்ன வினாத்தாளுக்கு விடை எழுதினால் 2 டாலர். புத்தகம் படிப்பது பிள்ளையால் செய்ய முடிந்த காரியம். மார்க் அப்படியல்ல. கூடுதல் காசு கிடைக்க என்ன செய்யலாம் என்று மாணவர்களைக் கேட்டபோது, கேள்வியைக் கவனமாகப் படிப்பேன், விடையைச் சரிபார்ப்பேன் என்றார்கள். பாடத்தைத் திரும்பப் படிப்பேன், புரியாததை ஆசிரியரிடம் கேட்பேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஆசை இருந்தது, காசும் இருந்தது, போகும் வழிதான் தெரியவில்லை. நானூற்றைம்பதுக்குப் போன் என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடும் அப்பா செய்வதும் இதையேதான்.

நானூற்று நாற்பத்தேழு வந்துவிட்டால்? எந்த வீட்டிலும் போன் இல்லை என்று சொல்வதில்லை. பிளஸ் ஒன்னுக்கு எப்படியும் தேவைப்படும் என்று வாங்கிவிடுவார்கள். எப்படியும் வாங்கப்போகிற பொருளைப் பத்து மாதம் பிள்ளையின் தலைக்கு மேல் தொங்கவிட்டிருந்தோம் என்பதுதான் மிச்சம். மார்க்கை இவ்வளவு பெரிதாக்க வேண்டியதும் இல்லை; தமிழக அரசே மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இல் கைவிட்டது. ஃப்ளெக்ஸ் பேனர் வைக்கும் பள்ளிகளும் வாட்ஸ்அப் குடும்பக் குழுக்களும் கைவிட்டதாகத் தெரியவில்லை.

பரிசு உதவாமல் போவது ஒருபக்கம் இருக்கட்டும், இருப்பதையும் அது கெடுக்குமா என்ற கேள்விக்கு 1973இல் வந்த ஒரு ஆய்வை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில், தாங்களாகவே விரும்பி ஸ்கெட்ச் பேனாவால் படம் வரையும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முதலிலேயே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்கு எதுவும் சொல்லாமல் கடைசியில் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து பேனாக்களைச் சும்மா மேசையில் போட்டு வைத்தபோது, சொல்லிவைத்துப் பரிசு வாங்கிய பிள்ளைகள் அவற்றோடு செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான். எதிர்பாராமல் வாங்கியவர்களுக்கு எந்தச் சேதமும் இல்லை.

இதை வைத்துக்கொண்டு பரிசே விஷம் என்று புத்தகம் எழுதியவர்களும் உண்டு. அது மிகை. ஜூடி கேமரனும் டேவிட் பியர்ஸும் 1994இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பயப்படும் அளவுக்கு எதுவுமில்லை என்றார்கள். எட்வர்ட் டெசியும் அவருடைய சகாக்களும் 1999இல் 128 ஆய்வுகளைத் திரட்டி, இருக்கிறது என்று பதில் சொன்னார்கள். இந்தச் சண்டையில் நான் டெசி பக்கம். ஆனால் இருதரப்புக்கும் பெரிய தகராறு இல்லாத ஓரிடம் உண்டு: ஆர்வமே இல்லாத வேலையில் பரிசால் கெடுவதற்கு ஒன்றுமில்லை. பாகற்காய் இதற்கு நல்ல உதாரணம். பிடிக்காத காயை ஒரு துணுக்கு சுவைத்தால் ஒரு ஸ்டிக்கர் என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் தினமும் செய்து பார்த்ததில் பிள்ளைகளுக்கு அந்தக் காய் பிடிக்கவே தொடங்கியது. 'கீரையைச் சாப்பிட்டா ஐஸ்கிரீம்' என்பது வேறு. ஓர் உணவைத் தண்டனையாகவும் இன்னொன்றைக் கூலியாகவும் ஆக்கிவிட்டால் பிள்ளை எதை விரும்பும் என்பதற்கு ஆய்வே தேவையில்லை. போனைக் காட்டி ஊட்டுவது இதிலும் சேராது. அங்கே பிள்ளைக்குத் தான் சாப்பிடுகிறோம் என்பதே தெரிவதில்லை.

பரிசு கட்டாயம் நுழையக் கூடாத இடம் வீட்டு வேலை என்று நினைக்கிறேன். உளவியலாளர்கள் ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் 20 மாதக் குழந்தைகள், பெரியவர் கைதவறிக் கீழே விட்ட பொருளைத் தாங்களாகவே எடுத்துக் கொடுத்தார்கள். அதற்காக ஒவ்வொரு முறையும் பொம்மை வாங்கிய குழந்தைகள் பிறகு எடுத்துக் கொடுப்பது குறைந்துபோனது. கொடுக்கும் குணம் கையோடு வந்தது. அதை விலைக்கு மாற்றியது நாம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் எட்டு வயதுப் பையனுக்கு ஃபிரிட்ஜில் சார்ட் ஒட்டியிருந்தார்கள். தட்டைக் கழுவுதல், பை அடுக்குதல், பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தல் என்று வரிசையாக வேலைகள். ஒருநாள் பாட்டி, "தம்பி, என் கண்ணாடியைக் கொஞ்சம் எடுத்துக் குடுய்யா" என்றார். "அது சார்ட்ல இல்லையே பாட்டி, அதுக்கு எத்தனை ஸ்டார்?" என்றான். வீடே சிரித்தது. அவன் அம்மா சார்ட்டில் இன்னொரு வரி சேர்த்தார்.

அதே வீட்டில் அவனுக்குப் பன்னிரண்டு வயது அக்கா இருக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் கொடியில் காயும் துணியை எடுத்து மடித்து வைப்பாள், அரிசி களைந்து குக்கரில் போடுவாள், தம்பியின் டிபன் பாக்ஸையும் சேர்த்தே கழுவிக் கவிழ்ப்பாள். அவளுக்குச் சார்ட் இல்லை. கேட்டால், "அவ பொறுப்பான பொண்ணு, அவளுக்கு எதுக்கு?" என்றார்கள். பரிசு முறையைப் பற்றிய உளவியல் விவாதங்களில் நான் இதுவரை பார்க்காத விஷயம் இது. யார் செய்தால் வேலை, யார் செய்தால் கடமை என்று வீடு ஏற்கெனவே பிரித்து வைத்திருப்பதை அந்த ஸ்டார்கள் சத்தமில்லாமல் உறுதி செய்கின்றன. பையன் தன் தட்டை எடுப்பது சாதனை, பெண் எல்லார் தட்டையும் எடுப்பது இயல்பு. இருபது வருடம் கழித்து, பாத்திரம் தேய்த்ததற்கு மனைவியிடம் பாராட்டை எதிர்பார்த்து நிற்கும் கணவன் எங்கிருந்து வருகிறான் என்று எனக்கு இப்போது வியப்பாக இல்லை.

பெற்றோருக்கு இந்த முறையால் கிடைக்கும் வசதி பெரிது: ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. கணக்கு ஹோம்வொர்க்கை மட்டும் முடிக்காமல் இழுத்தடிக்கும் பையனுக்கு கிரிக்கெட் பேட் என்று சொல்லிவிடலாம். அவனுக்குக் கடைசி பெஞ்சிலிருந்து போர்டு தெரியவில்லையா, வகுத்தல் கணக்கே புரியாமல் இரண்டு வருடம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டானா, கணக்கு மிஸ் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தினாரா என்பதெல்லாம் பேட் ஆசைக்குள் மறைந்துவிடும். இரண்டு பேரும் வேலைக்குப் போய் ஏழரை மணிக்கு வீடு திரும்பும் குடும்பத்தில் இதையெல்லாம் விசாரிக்க நேரம் ஏது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் பரிசு மிச்சப்படுத்துவது பிள்ளையின் சிரமத்தை அல்ல, நம் நேரத்தை. அடிப்பதற்கும் இதே வசதி இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். அடித்த அப்பாவும் ஏன் என்று கேட்டதில்லை.

கைச்செலவுக்குக் காசு கொடுக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் இன்னொரு உருவத்தில் வரும். வாரத்துக்கு நூறு ரூபாய், ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றி, பாத்திரத்தை அடுக்கினால்தான் என்று நிபந்தனை போடுவார்கள். உழைத்தால்தான் காசு என்று பிள்ளை கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர்கள் எண்ணம். காசைக் கையாளப் பழக்குவதற்குக் காசு கொடுக்கலாம், வீட்டில் ஓர் ஆளாக இருப்பதற்காக வேலை செய்யச் சொல்லலாம், இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது என்பேன். இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கல் அபராதம் போட்டுப் பார்த்தார்கள். தாமதமாக வருபவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கானார்கள். ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற சங்கடம் போய், பத்து ஷெக்கல் கொடுத்தால் போயிற்று என்ற நிம்மதி வந்துவிட்டது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய சங்கடம் திரும்பவில்லை. உரி கினீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும் 2000இல் எழுதிய இந்தக் கட்டுரையை பொருளியல் பற்றிப் பேசுகிறவர்கள் நிறைய மேற்கோள் காட்டுகிறார்கள். பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அது அதைவிட அதிகம் பொருந்தும். பதின்மூன்று வயதில் ஒரு சனிக்கிழமை காலை, டிவி முன்னால் காலை நீட்டிக்கொண்டு பையன் சொல்வான்: "சரிப்பா, இந்த வாரம் நூறு ரூபா வேண்டாம், நான் அடுக்கலை." நாம் போட்ட கணக்குப்படியே அவன் பேசுகிறான்.