சாயமும் பேரும்

மலையகத் தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. அகராதியை நம்பி வரும் தமிழ் ஆசிரியரை ஹட்டன் பிள்ளைகள் முதலாம் தவணையிலேயே திருத்திவிடும் சொற்கள். ஒன்று 'சாயம்'. துணிக்கு ஏற்றுவது மட்டுமல்ல, பால் விடாத தேத்தண்ணியும் இங்கே சாயம்தான். மற்றது 'பேர்'. கொழுந்து மலையில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். குறித்த கிலோ பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். ஒரு மனுசியின் பேரைப் பாதியாக வெட்டலாம் என்பதை நான் இலக்கணத்தில் படித்ததில்லை, இங்கே வந்துதான் கேட்டேன்.

ஹனுஷா சோமசுந்தரத்தின் படைப்புகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்த இரண்டு சொற்களும்தான் முன்னால் வந்து நின்றன. ஹட்டனைச் சேர்ந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்றவர். பயன்படுத்திக் கழித்த டீ பேக்கும் தேத்தண்ணிக் கறையும் அவருடைய முக்கியமான ஊடகங்கள். தோட்டப் பெண்களின் வாழ்வு அவருடைய பொருள். காட்சிக்கூடத்தில் இதற்குக் 'கலப்பு ஊடகம்' என்று பெயர் எழுதி ஒட்டுவார்கள். எதோடு எது கலந்தது என்று கேட்பதுதான் விமர்சனத்தின் வேலை.

கேட்பதற்கு முன் செய்து பார்ப்போமே என்று, போன ஆடி மாத மழையில் பத்தாம் தரப் பிள்ளைகளிடம் பாவித்த டீ பேக் கொண்டுவரச் சொன்னேன். நாற்பது பேரில் கொண்டுவந்தது ஆறு பேர், அதுவும் டவுனில் இருக்கிற பிள்ளைகள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு பிள்ளை சொன்னது: "எங்க வீட்ல பை இல்ல டீச்சர், தூள்தான். வேணும்னா வடிச்ச சக்க கொண்டாரவா?"

ஹனுஷாவின் ஊடகத்தைப் புரிந்துகொள்ள எனக்குக் கிடைத்த திறவுகோல் இதுதான். டீ பேக் லயத்தின் பொருள் அல்ல. கொழுந்து மலையை விட்டு இறங்கி, தொழிற்சாலையில் வாடி, அரைபட்டு, கொழும்பில் ஏலம் போய், வேறெங்கோ பையில் அடைபட்டு, வேறு யாரோ குடித்து முடித்த பின் மிஞ்சுவது அது. அதை எடுத்துத் திரும்ப மலைக்கே கொண்டுவந்து, பறித்த பெண்ணின் வாழ்வை அதன் மேல் எழுதுகிறார் இந்த ஓவியர். இலையை வரைந்தால் வெறும் அழகாக இருந்திருக்கும். எச்சத்தை எடுத்ததில்தான் அவருடைய தீர்மானம் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பல தோட்டங்களில் முழுப்பேருக்கு 18 கிலோ கேட்கிறார்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள். அப்படியென்றால் ஒரு பேருக்கு நாலு கிலோ தூள். பை ஒன்றுக்கு 2 கிராம் என்று வைத்தால் சுமார் 2,000 பைகள். ஒரு பெண்ணின் ஒரு நாள், 2,000 பேரின் காலைத் தேநீர். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது.

வேலைக்கு வருவோம். கலைஞரின் நாள் என்றால் ஜன்னல் ஓரம், தூரிகை, தனிமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்த ஊடகம் கேட்பது குசினியின் நாளை. பைகளைச் சேர்க்க வேண்டும், பிழிய வேண்டும், காயப்போட வேண்டும். ஹட்டன் மழையில் மூன்றாம் நாளே வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிட்டது, பாதியை எறிந்தோம். காய்ந்ததைப் பிரித்து, சக்கையை உதறி, கிழியாமல் விரித்து நீவ வேண்டும். ஆனால் அந்தத் தாள் லேசில் கிழியாது. வாழை இனத்து அபாக்கா நார் சேர்த்துச் செய்வதால் வெந்நீரில் ஊறியும் தாங்குகிறது. கறை நாம் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. காயக் காய ஓரத்துக்கு ஓடி அங்கே கறுத்த வளையமாகப் படிகிறது. துருப்பிடித்த தகரத் தட்டில் கிடந்த பைகளில் மட்டும் கறுப்புப் புள்ளிகள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதான். அரபு ஏடுகளிலும் ஐரோப்பிய ஏடுகளிலும் புழங்கிய மாசிக்காய் மையின் சூத்திரமும் இதே. தேத்தண்ணிக்குள் எழுத்து ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவர்கள் கையைக் கழுவப் போய்விட்டார்கள்.

நம் வீடுகளில் பீங்கான் எழுதிக் குடிப்பது நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பீங்கானில் குங்குமப்பூக் கரைசலால் ஹஸ்ரத் ஆயத்து எழுதுவார். அதைக் கழுவி நோயாளி குடிப்பார். (கூடுமா கூடாதா என்ற சர்ச்சை இங்கே வேண்டாம்.) அங்கே எழுத்து கரைந்து பானமாகிறது. ஹனுஷாவிடம் பானம் முடிந்த பிறகு எழுத்து தொடங்குகிறது.

எனக்கு ஒரு பயமும் உண்டு. தேத்தண்ணிக் கறையின் நிறம் பழைய புகைப்படத்தின் நிறம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்கீன் போன்ற கொழும்பு ஸ்டூடியோக்கள் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்து விற்ற அதே பழுப்பு. வெள்ளைச் சுவரில் நல்ல வெளிச்சத்தில் தொங்கும்போது இந்தப் பழுப்பு கண்ணுக்கு இதமாக இருக்கும். இதம்தான் ஆபத்து. கூடையும் குனிந்த முதுகும் மலையக ஓவியத்தில் தேய்ந்துபோன படிமங்கள். இவருடைய ஊடகத்தில் அவை வரும்போதும் என் கவனம் தளர்கிறது. பொருளே வாய் திறந்து பேசுகிற இடத்தில் உருவம் வந்து அதையே திருப்பிச் சொல்லத் தேவையில்லை. பையின் குறுகிய அளவும், நூலும், மடிப்பும், கம்பி குத்திய துளையும் அந்தப் பழுப்பைத் தபால் அட்டையாக விடாமல் தடுக்கின்றன. ஊடகத்தின் முரட்டுத்தனத்தை அவர் எவ்வளவு விட்டுவைக்கிறாரோ அவ்வளவுக்குப் படைப்பு பலமாகிறது என்பதே என் முடிவு.

2023இல் மலையக மக்களின் 200 ஆண்டுகளை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அப்போது நாமும் கட்டுரைகள் எழுதினோம், பெரும்பாலும் அவர்களைப் பற்றி. நமக்கும் அவர்களுக்கும் இடையில் இருந்ததைப் பற்றி அல்ல. என் வாப்பாவின் கடை தோட்டத்து மக்களை நம்பித்தான் ஓடியது. கடன் கொப்பியில் ஒவ்வொரு ஆளின் பேரும், தகப்பன் பேரும், தோட்டமும், டிவிசனும், லய நம்பரும் முழுசாக இருக்கும். தோட்டத்துச் செக்ரோலில் அரையாகிப் போன பேரெல்லாம் எங்கள் கொப்பியில் முழுப்பேர்தான், கடனாளியாக. சம்பளத்துக்கு மறுநாள் சிவப்பு மையால் ஒரு கோடு விழும். மாத முடிவில் மறுபடி முளைக்கும்.

கடையை மூடியபோது அந்தக் கொப்பிகளை நிறுத்துப் பழைய கடதாசிக்காரனிடம் போட்டோம். எத்தனை கிலோ என்றுகூட ஞாபகம் இல்லை. நம் வணிகர்களின் வரலாற்றை இந்த இதழில் பலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள், நானும் அவற்றைப் படித்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். எறியப்பட்ட பைக்கு ஓவியர் கொடுத்த கவனத்தை அந்தக் கொப்பிகளுக்கு நான் கொடுக்கவில்லை. மிஞ்சியது ஒன்று, உம்மா சமையல் குறிப்பு எழுதவென்று எடுத்து வைத்தது. அட்டையில் தேத்தண்ணி கிளாஸ் வைத்த வட்டம் இருக்கிறது. உள்ளே முதல் பதினொரு பக்கங்களில் பேர்கள். அவற்றை இப்போது பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.