குடமும் ஓலையும்: தமிழ்நாட்டுத் தன்னாட்சி மரபுகள்

நாமக்கல் மலைக்கோட்டையில் நின்று கீழ்த்திசையை நோக்குவோர்க்கு நீலமாய்த் தோன்றும் கொல்லிமலையில், வளப்பூர் நாடு, சேலூர் நாடு, வாழவந்தி நாடு, தேவனூர் நாடு என ஊராட்சிகள் இன்றளவும் நாடு என்றே பெயர் தாங்கி நிற்கின்றன. கொங்கு தேசமே 24 நாடுகளின் தொகுதி என்பதும், திருச்செங்கோடு கீழ்கரைப் பூந்துறை நாட்டைச் சார்ந்தது என்பதும் வழிவழி வந்த மரபு. நிலத்தை மட்டுமன்றி, அந்நிலத்தார் கூடித் தீர்மானிக்கும் அவையையும் நாடு என்றே வழங்கினர் நம் முன்னோர்.

இடைக்காலத் தமிழகத்தில் அவைகள் நால்வகைப்பட்டன. வேளாண் குடிகளின் அவை ஊர். பிரமதேயத்து அந்தணரின் அவை சபை. வணிகரின் அவை நகரம். பல ஊர்களைத் தழுவியது நாடு.

இவற்றுள் சபையின் பிரமாணங்களை விரிவாய் அறிவிப்பவை சோழ மன்னன் முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்ச் சாசனங்கள். 919-இல் வகுத்த விதிகளை 921-இல் திருத்தியமைத்த அச்சபை, கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35-க்கு மேல் 70-க்குட்பட்ட வயதும் உடையோர் பெயரையே ஓலையில் எழுதி, 30 குடும்புகளிலும் (ஊர்ப்பிரிவுகளிலும்) குடத்திலிட்டு, ஏதுமறியாத பாலகன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தது. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகிய குழுக்களில் அமர்ந்தோர்க்குப் பதவி 360 நாளே. முன் வாரியஞ்செய்து கணக்குக் காட்டாதோர் பெயரும், அவர்தம் உறவினர் பெயரும் குடம் புகலாகாது.

இத்தாலியின் வெனிஸ் குடியரசு 1268-இல் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க வகுத்த முறையிலும் ஒரு சிறுவனே பந்துகளை எடுத்தான். ஆயினும் வெனிஸ் தனக்குமேல் அரசனில்லாத நகரம். நம் சபையோ சோழனின் ஆணைப்படி, அவன் அதிகாரி உடனிருக்கக் கூடியது. நிலமில்லாதார்க்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலையில்லை என்பதையும் மறைத்தல் தகாது. அக்குறைகளைக் காலம் களைந்தது. களையலாகாதது கணக்குக் காட்டும் கடமை.

இன்று கொல்லிமலை நாடொன்றில் கிராம சபை கூடுங்கால், வரவு செலவை உரக்கப் படிக்கும்படி எழுந்து கேட்கும் குடியானவர், உத்தரமேரூரைக் கண்டிராதவராயினும், அதன் தலையாய பிரமாணத்தைக் காப்பவர் அவரே.